உள்ளறையில் வைத்த ஸ்பீக்கர்

என் சித்தப்பா ஓர் ஆம்ப்ளிஃபயர் வாங்கினார். கல்யாண வீடுகளுக்கு மைக் செட் கட்டிக்கொண்டிருந்த ஒருவர், தொழிலை விட்டு ஊருக்குப் போகும்போது விற்ற பழைய பெட்டி. உள்ளே வால்வுகள் சிவந்து எரியும். கிட்டே போனால் முகத்தில் அனல் அடிக்கும். ரெக்கார்டு சுற்றும் பெட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தது. பாட்டு வெளியே வர ஸ்பீக்கர்தான் இல்லை.

அதற்குத்தான் அத்தனை அலைச்சல். கையில் இருந்ததெல்லாம் ஆம்ப்ளிஃபயருக்கே போய்விட்டது. கிடைத்த ஸ்பீக்கரை எல்லாம் மாட்டக் கூடாது, ஓம்ஸ் என்கிற அளவு பெட்டிக்கு ஏற்றபடி இருக்க வேண்டும், பொருந்தாததை மாட்டினால் பெட்டியே எரிந்துவிடும் என்று யாரோ அவரைப் பயமுறுத்தியிருந்தார்கள். அன்றிலிருந்து தறியில் உட்கார்ந்தாலும் ஓம்ஸ், சாப்பிட உட்கார்ந்தாலும் ஓம்ஸ். அத்தைக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த நாட்களும் அவைதான். அப்பா ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொருத்தம் பார்ப்பார். பக்கத்தில் சித்தப்பா ஏதாவது ஒரு ஸ்பீக்கரைக் குப்புறத் திருப்பி அதன் முதுகில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார். இருவரும் ஒரே மாதிரி உதட்டைப் பிதுக்குவார்கள்.

கடைசியில் ஒரு நல்ல ஸ்பீக்கர் அமைந்தது. முறம் அளவுக்கு வாய். தறி செய்கிற ஆசாரியிடம் சொல்லி அதற்கு மரப்பெட்டி அடித்து வாங்கினார். அதில் பாட்டுக் கேட்டால், பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடத் தனியாகக் கேட்கும். இரண்டாவது ஸ்பீக்கருக்குக் காசு மிச்சம் இல்லாததால், மூடிப்போன ஒரு லாட்ஜிலிருந்து வந்த சின்னப் பெட்டியை மலிவாக வாங்கினார். அறையில் இருப்பவர்கள் கீழே இருக்கும் ஆளோடு பேசுவதற்காகச் சுவரில் மாட்டியிருந்த பெட்டி அது. பேசவும் செய்யும், கேட்கவும் செய்யும் என்று விற்றவர் சொன்னாராம். பேசினால் போதும் என்று சித்தப்பா வாங்கி வந்துவிட்டார்.

அத்தையைப் பெண் பார்க்க ஆரணியிலிருந்து வருகிறார்கள் என்றதும், அன்றைக்கே இரண்டையும் பாட வைத்துவிட வேண்டும் என்று அவருக்கு வேகம் வந்துவிட்டது. கூடத்தில் பெரியது, பெண்கள் இருக்கும் உள்ளறையில் சின்னது என்று திட்டம். தறியை வேட்டியால் மூடினார்கள். பெரிய ஸ்பீக்கர் உடனே பாடியது. சின்னப் பெட்டியின் வயர் நுனியில் ஒரு பின் இருந்தது. ஸ்பீக்கருக்கான இடத்தில் அது நுழையவில்லை. மைக் செருகும் துளையில் கச்சிதமாக நுழைந்தது. மாதக்கணக்கில் ஓம்ஸ் பார்த்த மனிதர், நுழைந்த இடம்தான் அதன் இடம் என்று முடிவு செய்துவிட்டார்.

அதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை பெங்களூரில் ஒரு பட்டு மில்லில் வேலை பார்ப்பவர். வெள்ளைச் சட்டை, தலையில் படிய வாரிய எண்ணெய். அவருடைய அம்மா, அண்ணன், அண்ணி. அண்ணி மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் ஜடையைத் தொட்டு, யார் பின்னியது என்று கேட்டாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. மனசுக்குள் ஆரணி அக்கா என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

கூடத்தில் பாட்டு கணீரென்று ஒலித்தது. உள்ளறைப் பெட்டி மட்டும் ஊமையாகவே இருந்தது. சித்தப்பா ஆம்ப்ளிஃபயரில் சத்தம் கூட்டும் திருகுகளை எல்லாம் கடைசி வரை திருகிப் பார்த்தார். பெரிய ஸ்பீக்கர் ஒருமுறை ஊய்யென்று கத்தியதுதான் மிச்சம். அப்பா முறைத்தார். சித்தப்பா ரெக்கார்டிலிருந்து ஊசியை எடுத்துவிட்டுக் கைகட்டி நின்றுகொண்டார். திருகுகள் திருகியபடியே இருந்தன.

பேச்சு சுமுகமாகவே போனது. மாப்பிள்ளையின் அம்மா மூத்த மருமகளைப் பார்த்து, உள்ளே போய்ப் பெண்ணோடு நாலு வார்த்தை பேசிவிட்டு வரச் சொன்னாள். என் அம்மா சமையலறையில் இருந்தாள். உள்ளறையில் அத்தை மட்டும்தான். ஆரணி அக்கா எழுந்து போனாள். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

முதலில் மரப்பெட்டியிலிருந்து வளையல் சத்தம் வந்தது. பிறகு யாரோ மூச்சு விடுவது. சித்தப்பா ஏதோ நாடக ரெக்கார்டு போட்டிருக்கிறார் என்று நான் நினைத்தேன்.

"தோ பாரு மா, நான் சொன்னேன்னு தெரியக் கூடாது. என் கொழுந்தனுக்குப் பெங்களூர்ல ஒரு பொண்டாட்டி இருக்குறா. கொழந்தகூட இருக்குது. எங்க வூட்ல எல்லாத்துக்கும் தெரியும். மறைச்சிக்கினுதான் வந்திருக்காங்க. நீயே வேணாம்னு சொல்லிடு. நான் சொன்னது வெளிய தெரிஞ்சா என்ன உசுரோட வெக்க மாட்டாங்க."

கூடத்தில் அப்பாவின் கையில் வெற்றிலை பாதி மடித்தபடி நின்றது. மாப்பிள்ளையின் அண்ணன் மரப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா ஆம்ப்ளிஃபயரை நோக்கி ஓர் அடி வைத்தவர், வைத்த காலோடு நின்றுவிட்டார். ஸ்பீக்கரிலிருந்து இப்போது அத்தை அழும் சத்தம் வந்தது. அதுவும் துல்லியமாக.

எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: ஊமைப் பெட்டிக்கு வாய் வந்துவிட்டது. உள்ளறைக்கு ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். சந்தோஷத்தில் எனக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, நீங்க பேசினது கூடத்துல எல்லாத்துக்கும் நல்லா கேட்டுது."

ஆரணி அக்கா என்னைப் பார்த்தாள். ஜன்னல் மேல் இருந்த சின்னப் பெட்டியைப் பார்த்தாள். அதிலிருந்து போகும் வயரை அவள் கண்கள் கதவு வரைக்கும் தொடர்ந்தன. நின்றவள் அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாயம் போன துணிபோல ஆகிவிட்டது முகம்.

அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் தலை குனிந்து வர வேண்டியவள் நேராக வந்து நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா, தன் மூத்த மருமகளுக்குப் புத்தி சரியில்லை, வாய்க்கு வந்ததைப் பேசுவாள் என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தை அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. மாப்பிள்ளையிடம் மெதுவாகத்தான் கேட்டாள்.

"கொழந்த பேர் இன்னாங்க?"

அவர் யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார். ஒரு பெண் குழந்தையின் பெயர் அவர் வாயிலிருந்து வந்தே விட்டது.

அதன் பிறகு சத்தமெல்லாம் பெரியவர்களுடையது. சித்தப்பா வயரைப் பிடுங்கினார். அந்த ஆம்ப்ளிஃபயரை அவர் அப்புறம் தொடவே இல்லை. சில நாளில் யாருக்கோ கொடுத்துவிட்டார். அத்தைக்கு அடுத்த வருஷமே செவிலிமேட்டில் ஒரு நல்ல இடம் அமைந்தது. இன்றும் அவள் வீட்டில் ஆரணி என்ற பேச்சு வந்தால் அந்தப் பெண் என்ன ஆனாளோ என்றுதான் சொல்வாள். யாருக்கும் தெரியாது. விசாரித்துப் போனால் அவளுக்கு இன்னும் கெடுதலாகும் என்று எங்கள் வீட்டில் பயந்தார்கள்.

அன்று அவர்கள் கிளம்பும்போது ஆரணி அக்கா மட்டும் உள்ளறையை விட்டு வரவில்லை. வெளியே புருஷன் இரண்டு முறை கூப்பிட்டார். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான். அம்மா உள்ளே போய் அவள் கையைப் பிடித்து எழுப்பினாள். அவள் அம்மாவின் கையை விடாமல் கேட்டாள்.

"அக்கா, இன்னிக்கு ஒரு நாள் நான் இங்கயே இருந்துக்கட்டுமா?"

அம்மா வாசல்படியில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். புருஷன் வந்து நிற்கும்போது அடுத்தவர் வீட்டுப் பெண்ணை நாம் எப்படி வைத்துக்கொள்வது என்று அப்பா தணிந்த குரலில் சொன்னார். சொல்லிவிட்டுத் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா பிடித்த கையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள்.

நான் அதற்குள் என் பாயை எடுத்து வந்திருந்தேன். அவளுக்கு எங்கள் வீடு பிடித்துவிட்டது என்று எனக்கு அவ்வளவு பெருமை. என் பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம், தலையணைகூட இருக்கிறது என்றேன். அவள் என் கன்னத்தைத் தொட்டாள். விரல்கள் ஈரமாக, சில்லென்று இருந்தன. பிறகு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, முன்னே போய்க்கொண்டிருந்தவர்களுக்குப் பின்னால் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள்.

அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெரு திரும்பும் வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். வந்த மாப்பிள்ளை போய்விட்டாரே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்து, நான் அவளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.