அண்ணையின் மெமரி கார்ட்

இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் நான் கோபிக்க மாட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் யாராவது எனக்கு இப்படி ஒன்றைச் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன், அதோடு விடாமல் பிழை எங்கே என்று விளக்கமும் கொடுத்திருப்பேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில் கணினி படித்தவள். பருத்தித்துறையில் எங்கள் ஒழுங்கையில் வேறு யாரிடமும் இல்லாத பட்டம் என்னிடம் இருக்கிறது. ஆவி, பேய் என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போய்விடுவேன்.

நான் படித்தது அண்ணையால். அப்பா இறந்ததும் அவர் எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போனார். அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம் டிவியில் பூட்டி விளையாடுகிற பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டி ஒன்று. அதில் ஒரு விளையாட்டு மட்டும்தான் விளையாடுவார். கடலோரத்துக் கிராமத்தில் ஒரு சின்ன மனிதன் தோட்டம் செய்வான், இறங்குதுறையில் நின்று மீன் பிடிப்பான், அவ்வளவுதான். நாள் முழுக்க மீன் பிடித்துவிட்டு வந்து அதிலும் மீன் பிடிக்கிறீரே என்று நான் நக்கலடிப்பேன். "இதிலை வலை கிழியாது தங்கச்சி" என்பார்.

போன மாரியில் அவருடைய படகு மட்டும் கரைக்கு வந்தது.

உடல் கிடைக்கவில்லை, அதனால் அம்மா எந்தக் கிரியையும் செய்ய விடவில்லை. கடலுக்குப் போனவர் திரும்பும்வரை முன்கதவுக்குத் தாழ்ப்பாள் போடாதது எங்கள் வீட்டு வழக்கம். அம்மா ஏழு மாதம் தாழ்ப்பாள் போடவில்லை. கதவைப் பார்த்தபடியே இருப்பார், நித்திரையில்லை, ஒழுங்கான சாப்பாடில்லை. சீனி வருத்தம் கூடி, காலில் வந்த புண் ஆறவேயில்லை. அண்ணையோடு அம்மாவையும் இழந்துவிடுவேன் என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

ஒரு ஞாயிறு மத்தியானம் அண்ணையின் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். உப்புக்காற்றில் அது செத்துப் போயிருந்தது, விளையாடியதைச் சேமித்து வைக்கிற மெமரி கார்ட் மட்டும் பழுதில்லை. அதிலிருந்ததை என் லாப்டொப்பில் ஏற்றினேன். பழைய பெட்டியைப் போலவே கணினியை இயங்க வைக்கிற எமுலேட்டர் என்ற மென்பொருள் இருக்கிறதே, அதில் அந்த விளையாட்டோடு சேர்த்துப் போட்டதும் அண்ணை விட்ட இடத்திலிருந்து விளையாட்டுத் தொடங்கியது. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அந்த விளையாட்டில் மனிதனைப் படுக்கையில் படுக்க வைத்தால்தான் சேமிக்கலாம், மறுபடி திறந்தால் படுக்கைக்குப் பக்கத்தில்தான் எழும்புவான். வேறு வழி அதில் கிடையாது.

அம்மாவுக்குக் காட்டினேன். மனிதனை வெளியே நடத்திக்கொண்டு போய் இறங்குதுறையில் விட்டபோது திரையில் மழை தொடங்கியது.

"உவன் ஏன் மழைக்குள்ளை மரம்மாதிரி நிக்கிறான்? உள்ளை கூட்டிக்கொண்டு போ."

"எணை அம்மா, அது விளையாட்டு."

"விளையாட்டெண்டா நனையாதோ? களைச்சுப் போனான் பிள்ளை. படுக்க விடு."

வீட்டுக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன். திரை இருண்டது. அம்மா இருண்ட திரையைக் கையால் தடவிவிட்டு, "சரி, படுத்திட்டான். அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்வம்" என்றார்.

மறுநாளே தர்ப்பையில் அண்ணைக்கு உருச்செய்து எரித்தோம். முப்பத்தோராம் நாள் கீரிமலைக் கடற்கரையில் அந்தியேட்டிக் கிரியை முடித்துவிட்டு வந்து, அம்மா தன் கையாலேயே முன்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் படுத்தார். பொழுதுபடவும் இல்லை. அண்ணையிடம் விடைபெறுகிற மாதிரி இருக்கட்டும் என்று நான் லாப்டொப்பைத் திறந்தேன்.

நம்பினால் நம்புங்கள், திரையில் அந்தச் சின்ன மனிதன் படுக்கையருகில் இல்லை. மழைக்குள், இறங்குதுறையின் நுனியில், கடலைப் பார்த்தபடி நின்றான். விளையாட்டின் நாட்காட்டியில் முப்பத்தொரு நாள் கடந்திருந்தது. சேமித்த கோப்பு கடைசியாக மாறியது எப்போது என்று பார்த்தேன், அந்த ஞாயிறு மத்தியானம்தான், அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. கொண்டுபோய்ப் படுக்க வைத்து, சேமித்து, மூடித் திறந்தேன். மறுபடியும் இறங்குதுறை. மெமரி கார்டிலிருந்து புதிதாக ஏற்றினேன். அதிலும் இறங்குதுறை.

அம்மா பாயில் கிடந்தபடியே கேட்டார், "அவன் உள்ளைதானே பிள்ளை?" அவர் கிடந்த இடத்திலிருந்து லாப்டொப்பின் முதுகு மட்டும்தான் தெரியும்.

"ஓமெணை. படுத்திருக்கிறார்" என்று மூடிவிட்டேன்.

விடிய எழும்பிப் பார்த்தால் முன்கதவுத் தாழ்ப்பாள் நீக்கியிருந்தது. அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். ஏன் திறந்தீர்கள் என்று கேட்டேன்.

"நீ ஓம் எண்டது எனக்காகத்தானே. வெளியிலை நிக்கிறவனுக்குக் கதவு வேணும். ஆனா நான் இனிக் காவலிருக்கமாட்டன். அவன் நிக்கிற இடம் தெரிஞ்சுபோச்சு."

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. அம்மாவின் புண் ஆறிவிட்டது, நன்றாகச் சாப்பிடுகிறார், படுத்தவுடன் நித்திரையாகிவிடுகிறார். மெமரி கார்ட் அலுமாரிக்குள் இருக்கிறது. நான் அதை மறுபடி தொடவில்லை. தாழ்ப்பாள் போடவும் எனக்குக் கை வருவதில்லை. மழை பெய்கிற நாட்களில் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்கிற ஆள் இப்போது நான்தான்.