அக்காவின் கணக்குப் புத்தகம்

அப்பா ஒரே ஆளாக நாலு தறி ஓட்டுவார். ஆனால் குஞ்சம் முடிய மாட்டார். லுங்கிக்கு விலை விழுந்து, தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்ட பிறகு, பள்ளிபாளையத்தில் எங்கள் தெருவுக்கு வந்த ஒரே வேலை அதுதான். வெளிநாட்டுக்குப் போகும் மேஜை விரிப்புகளின் ஓரத்தில் நூலைப் பிரித்துக் குஞ்சம் முடிந்து தரவேண்டும். "அது பொம்பளைங்க வேல" என்று சொல்லிவிட்டு அப்பா டீக்கடைக்குப் போய்விட்டார். அம்மாவின் இரண்டு கை போதவில்லை. அதனால், பத்தாம் வகுப்புப் புத்தகங்கள் வந்த மறுவாரமே அக்கா பள்ளியை விட்டு நின்றாள். மூன்று நாள் அழுதுவிட்டு, புத்தகங்களை டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டாள். ஐந்தாவது படித்த என்னை நிறுத்தலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் ஆண்பிள்ளை, எனக்கும் தோன்றவில்லை.

ஒருநாள், விரிப்பு வாங்கும் நாட்டிலிருந்து வெள்ளைக்காரம்மா ஒருவர் வீடு வீடாகப் பார்க்க வருவதாக, வேலை கொடுக்கும் கம்பெனியின் மேனேஜர் வந்து சொன்னார். படிக்கிற வயதுப் பிள்ளை வேலை செய்வது தெரிந்தால் எங்கள் வீட்டுக்கு வேலை நின்றுவிடும். அந்தப் பிள்ளையைக் கம்பெனியே செலவு செய்து பள்ளிக்கு அனுப்பவேண்டும். அக்காவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அம்மா தன் சேலையை அக்காவுக்குக் கட்டிவிட்டாள். "காளியாத்தா, கோவிச்சுக்காத தாயி" என்று முணுமுணுத்துக்கொண்டே கல்யாணமாகாத கழுத்தில் மஞ்சள் கயிற்றையும் போட்டாள். "ஆரு கேட்டாலும் அக்காளுக்குப் பத்தொம்பது வயசுன்னு சொல்லோணும் சாமி" என்று எனக்கும் பாடம் நடந்தது.

வந்த அம்மையார் தரையிலேயே உட்கார்ந்து குஞ்சத்தைத் தடவிப் பார்த்தார். விரிப்புக் கட்டின் மேல் கிடந்த பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்து ஏதோ கேட்டார். மேனேஜரின் முகம் சுண்டிப்போனது.

"இது ஆருதுன்னு கேக்கறாங்க."

அக்கா நிமிர்ந்து வாயைத் திறந்தாள். அதற்குள் நான் முந்திக்கொண்டேன். "என்னுதுங்க!"

மேனேஜர் சிரித்தபடி ஆங்கிலத்தில் சமாளித்தார். அம்மையார் என் தலையைத் தடவி ஒரு சாக்லேட் கொடுத்தார்.

"எஞ்சாமி, குடும்பத்தக் காப்பாத்திப்புட்டியே" என்று அம்மா நெட்டி முறித்தாள். அப்பா டீக்கடை முழுக்கச் சொல்லித் தீர்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கா கயிற்றைக் கழற்றிச் சாமி படத்தில் மாட்டினாள். பிறகு புத்தக அட்டையில் தன் பெயரை அடித்து என் பெயரை எழுதினாள். பாதி சாக்லேட்டை நீட்டினேன், வாங்கவில்லை. பிடிக்காது போலும் என்று அதையும் நானே தின்றேன்.

டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்த புத்தகம் அன்றைக்கு எப்படி வெளியே வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.