ஃபயர்வாலுக்குப் பூக்கட்டிப் பார்த்தோம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாகவே இருந்துவிட்டேன். படித்தவர்கள் சிரிப்பார்கள். சாமி காரியத்தையும் கம்ப்யூட்டர் காரியத்தையும் ஒன்றாக எழுதலாமா என்ற பயம் வேறு. நான் பன்னிரண்டாவதோடு நின்றவள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், மற்றதை அய்யனார் பார்த்துக்கொள்வார்.

அப்பா ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வாங்கி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் சிறு வியாபாரம் செய்தார். ஆர்டரெல்லாம் மெயிலில் வர ஆரம்பித்ததும் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. நெட் இணைத்த கொஞ்ச நாளில் அதற்குப் பேய் பிடித்தது போலானது. கேட்காத படமெல்லாம் திறந்தது, தானாக அணைந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவர் வந்து சரிசெய்துவிட்டு, ஃபயர்வால் ஒன்று போட்டே ஆகவேண்டும் என்றார்.

“நம்ம ஊரு நாய் மாதிரித்தான், அத்தான். வெளிய இருந்து யாரு வந்தாலும் மறிக்கும். உள்ள இருந்து எவனாவது நைசா வெளிய போனாலும், விடவா வேண்டாமான்னு உங்களக் கேக்கும். நெட்லயே ஓசியாக் கிடைக்கி.”

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சித்தப்பா மகளையும் கூட்டிக்கொண்டு பால்கோவாவோடு வந்தார். அப்பாவின் தம்பி, அரசு ஆபீசில் வேலை. அவர் வேறொன்றைச் சொன்னார். அது கடையில் சி.டி.யாக விற்பது, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டியது.

“நாயாவது சோறு கேக்கும், மாப்ள. ஓசில காவல் காக்கேன்னு ஒருத்தன் வந்தா, எதுக்கு வந்தான்னு கேக்க வேண்டாமா?”

“உங்க சி.டி.யப் போட்டா, இந்தப் பொட்டி தெறக்கதுக்குள்ள நீங்க வில்லிபுத்தூருக்கே போய்ச் சேந்துரலாம், மச்சான். அம்புட்டு கனம்!” என்றார் மாமா.

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டுதான் பேசினார்கள். அப்பா சிரிக்கவில்லை. முன்பு ஒரு மின்விசிறி வாங்கிய விஷயத்தில் தன் பேச்சைக் கேட்கவில்லை என்று சித்தப்பா வெகுநாள் எங்கள் வீட்டில் கை நனைக்காமல் இருந்தவர். மாமாவும் லேசுப்பட்டவர் இல்லை.

“பூக்கட்டிப் பாத்திருவோம்” என்றார் அப்பா.

முடிவெடுக்க முடியாத காரியத்துக்கெல்லாம் எங்கள் வீட்டில் அதுதான் வழி. வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை இன்னோர் இலையிலும் மடித்து, நூல் சுற்றி, அய்யனார் கோவிலில் சாமி காலடியில் போடுவார்கள். ஒரு சின்னப் பிள்ளை போய் ஒரு பொட்டலத்தை எடுக்கும். பிரித்தால் என்ன பூவோ அதுதான் உத்தரவு. பைக் வாங்கியபோதும், தறிக்காரரை மாற்றியபோதும் எடுத்தது நான்தான். கைராசிக்காரி என்று பூசாரியே சொல்லியிருக்கிறார்.

உடனே எல்லோருமாகக் கோவிலுக்குப் போனோம். வெள்ளை மாமாவுக்கு, சிவப்பு சித்தப்பாவுக்கு என்று பேசிக்கொண்டார்கள். நான் கோவிலை ஒட்டி ஓடும் ஆற்றில் கை கழுவி, ஈரத்தைக்கூடத் துடைக்காமல் முன்னால் போனேன். அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

“நீ செத்த நேரம் சும்மா நில்லுட்டி.” பிறகு சித்தப்பா மகளைப் பார்த்து, “நீ வா கண்ணு, நீ எடு” என்றாள்.

அவள் என்னைவிட ஒரு வயது சின்னவள். அன்று அவள் சடையில் இருந்த கனகாம்பரமே எங்கள் வீட்டுச் செடியில் பறித்தது. பூவும் எங்களுடையது, கம்ப்யூட்டரும் எங்களுடையது, எடுப்பது மட்டும் அவளா?

பிரித்தால் வெள்ளை. மாமா மீசையைத் தடவினார். சித்தப்பா வாயைத் திறந்தார், மூடினார். பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு, “எம் மக எடுத்தா சரியாத்தான் இருக்கும்” என்றார். எனக்கு வயிறு எரிந்தது. சாமியோடு கோபித்துக்கொண்டு விபூதி வாங்காமலே திரும்பினேன்.

மாமா அன்றைக்கே போட்டுக் கொடுத்தார். அது சொன்னபடியே எல்லாவற்றுக்கும் கேட்டது. அப்பாவுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். சாமி கொடுத்த காவல் சந்தேகப்பட்டுக் கேட்கிறதென்றால் காரணமில்லாமலா இருக்கும் என்று, திரையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஒன்று விடாமல் மறித்தார். மெயில் வரும் வழியையும் சேர்த்தே மறித்துவிட்டார். நாள்கணக்கில் ஆர்டரே இல்லை.

“ஊருல ஒருத்தனுக்கும் காயம் படலயோ என்னமோ” என்றார்.

மதுரை ஆஸ்பத்திரிக்காரர் போனில் கத்திய பிறகுதான் விஷயம் தெரிந்தது. அப்பா முகம் செத்துப்போனது. மாமா ஓடி வந்தார். சித்தப்பாவும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“எந்தக் கை எடுத்துச்சோ இந்தச் சனியன...” என்று ஆரம்பித்தவர், பக்கத்தில் நிற்கும் மகளைப் பார்த்து அப்படியே விழுங்கிக்கொண்டார்.

மாமா நாலு இடத்தில் தட்டினார். தங்கிக் கிடந்த மெயிலெல்லாம் வந்து கொட்டியது. “நாய் மேல தப்பில்ல, அத்தான். வீட்டாளு யாருன்னு நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்.”

“ஆமாண்ணே, பழகுனா சரியாயிரும்” என்று சித்தப்பாவே மாமாவுக்குப் பரிந்து பேசினார்.

அம்மா, சித்தப்பா மகள் கையில் ஒரு முறுக்கைக் கொடுத்துத் தலையைத் தடவினாள். எனக்குப் பொறுக்கவில்லை. “நா எடுத்திருந்தா இப்படி ஆயிருக்குமா?” என்று அழுதேன்.

“நீ எடுத்திருந்தா...” என்று ஆரம்பித்த அம்மா, முடிக்காமல் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

கல்யாணமாகி, கொழுந்தனார் வீட்டுக்கும் பிறந்த வீட்டுக்கும் நடுவில் குடும்பம் நடத்தியபோதுதான் அந்தப் பேச்சின் மீதி எனக்குக் கேட்டது. வெள்ளையோ சிவப்போ, தோற்ற வீட்டுக்காரருக்கு என் கை வேண்டாத கையாகியிருக்கும். தன் மகள் எடுத்ததை எந்தத் தகப்பன் குறை சொல்வான்? மாமா தோற்றிருந்தால், கூடப்பிறந்த தம்பியை அம்மாவே சமாளித்துக்கொண்டிருப்பாள். அம்மா சாமி உத்தரவில் தலையிடவில்லை. எந்தக் கை என்பதை மட்டும் பார்த்துக்கொண்டாள்.

இதை யாருக்காவது சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். கேட்க நன்றாயிருக்கும் என்பதற்காக, அந்தப் பிள்ளை அன்றைக்கே அம்மாவைப் புரிந்துகொண்டாள் என்று சேர்த்துவிடாதீர்கள். நான் அழுதது அந்த முறுக்குக்காகத்தான்.