நடைபாதையில் என் ஸ்கூட்டர்

அன்று ஜோகுபாளையத்தில் வண்டிகள் நகரவேயில்லை. மகளுக்குப் பள்ளியில் மணியடித்துவிடுவார்களே என்று, எல்லோரையும் போல நானும் அவளோடு ஸ்கூட்டரை நடைபாதையில் ஏற்றினேன். முன்னால் சீருடையில் ஒரு சிறுமி நடந்துகொண்டிருந்தாள். விடாமல் ஹாரன் அடித்தேன். அவள் மிரண்டு சாலையில் குதித்துவிட்டாள். சிக்னலில் பச்சை விழுந்து கிளம்பிய பஸ், அவளுடைய புத்தகப்பையை உரசிக்கொண்டு நின்றது.

டிரைவர் கன்னடத்தில் என்னைத் திட்டித் தீர்த்தார். அது நியாயம்தான். ஆனால் அந்தச் சிறுமி என்னிடம், "சாரி ஆன்ட்டி, நீங்க வர்றத பாக்கல" என்றாள்.

இப்போது மகளை நடத்தித்தான் கூட்டிப்போகிறேன். நடைபாதையில் ஏறியதும் அவள் என் கையை இறுக்கிக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள்.

"இங்க வண்டி வராதுடி" என்றேன் ஒருநாள்.

"நாம வந்தோமே, மம்மி" என்றாள்.