சனிக்கிழமை அடுப்பு

எட்டு வயதிலேயே எனக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. சனிக்கிழமை காலையில் மாடிவீட்டுக்குப் போய், அவர்களுடைய மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் வேலை. சம்பளம் அன்றைக்குக் கிடைக்காது. மறுநாள் சர்ச்சில் ஓய்வுநாள் பள்ளி முடிந்து நான் திரும்பும்போது மாடிவீட்டு மாமி பால்கனியிலிருந்து கை காட்டிக் கூப்பிடுவார். தேங்காய்ப்பால் ஊற்றிக் கிளறிய அல்வா, சாய்சதுரமாக வெட்டியது, இரண்டு துண்டு. எங்கள் வீட்டில் என்னைவிட நல்ல சம்பளக்காரர் யாரும் இல்லை என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெரு பருத்திப்பட்டில், ஏரிக்கரைக்குக் கீழே இருந்தது. அப்பாவுக்கு அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. எங்களோடு இருந்த சித்தப்பா மனைத் தரகர். தெருவில் பாதி மனைகள் அவர் கைகாட்டி விற்றவை. வயலாக இருந்த இடத்தில் கல் நட்டு, ஏரியின் உபரித் தண்ணீர் ஓடுகிற கால்வாயையும் தூர்த்து, அதன்மேல் சாலை என்று கோடு போட்டு விற்றார்கள். வாங்கியவர்கள் எங்களைப் போலவே ஓடோ ஆஸ்பெஸ்டாஸோ போட்டுக்கொண்டு குடிவந்தார்கள். தெருக்கோடியில் மட்டும் ஒரு மாடிவீடு.

மாடிவீட்டு மாமா ஆவடியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பம்பாய்க்குப் பக்கத்தில் கடலோரத்துக்காரர். கையில் வந்த பணம் மொத்தத்தையும் அந்த வீட்டில் போட்டிருந்தார். ஒரே மகன் வெளிநாட்டில் இருந்தான். அவன் திரும்பி வந்தால் இருக்கட்டும் என்று கீழ்ப்பகுதியைக் காலியாக வைத்துவிட்டு, மாமாவும் மாமியும் மாடியில் குடியிருந்தார்கள். "நம்ம கடைசி மூச்சு இந்த வீட்லதான்," என்று போவோர் வருவோரிடமெல்லாம் சந்தோஷமாகச் சொல்வார். அவர் தமிழில் இந்தி வாடை அடிக்கும். இத்தனை வருஷம் ஆவடி ஆட்களோடு பழகியும் அவர் வாயில் 'நீ' என்ற சொல் மட்டும் ஏறவில்லை. எனக்கும் 'நீங்க'தான்.

ஸ்டவ்வைப் பற்றவை என்று அவர் ஒருநாளும் என்னிடம் நேராகச் சொன்னதில்லை. நான் போய் நின்றதும், "வாங்க பாப்பா. மாமிக்கு நெஞ்சு சளி. சூடா ஒரு சாயா குடிச்சா நல்லாருக்கும்," என்று கூரையைப் பார்த்துச் சொல்வார். நான் புரிந்துகொண்டு தீக்குச்சியை உரசுவேன். பெரிய மனிதர், சின்னப் பெண்ணிடம் வேலை வாங்கக் கூச்சப்படுகிறார் என்று எனக்குள் ஒரு பெருமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமி ஏற்றிவைக்கிற எண்ணெய் விளக்கையும் அவர்கள் அணைக்க மாட்டார்கள். அது தானாக அணைய வேண்டும். வாசல் நிலையில் விரல் நீளத்துக்கு ஒரு தகரக் குழல் சாய்வாக அடித்திருக்கும். முதல்முறை போனபோது அழைப்பு மணி என்று நினைத்து அதை அழுத்து அழுத்தென்று அழுத்தினேன். மாமா சிரித்துக்கொண்டே வந்து, உள்ளே வேத வசனம் இருக்கிறது என்று சொல்லி, அதைத் தொட்டு விரலை உதட்டில் வைத்துக்கொண்டார்.

அவர்கள் என்ன ஆட்கள் என்று தெருவில் யாரும் மண்டையைக் குடைந்துகொள்ளவில்லை. தாடியைப் பார்த்துச் சிலர் முஸ்லிம் என்றார்கள். சனிக்கிழமை ஆராதனை வைக்கிற ஏதோ சபைக்காரர்கள் என்று அம்மா முடிவுகட்டியிருந்தாள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள். ஒருநாள் முன்னே பின்னே இருந்தால் என்ன குறைந்துவிடப் போகிறது என்பாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. ஒரு சனிக்கிழமை விடிகிற நேரத்தில் ஏரிக்கரை உடைத்துக்கொண்டது. தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வந்தது. அந்த வழியில் இப்போது நாங்கள் படுத்திருந்தோம். நான் கண்விழித்தபோது பாய் மிதந்தது. ராத்திரி ஷிப்டுக்குப் போன அப்பா இன்னும் திரும்பவில்லை. கைக்குழந்தையாக இருந்த தம்பிக்கு ஏற்கெனவே காய்ச்சல். அம்மா அவனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். சித்தப்பா தன் டிரான்சிஸ்டரைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றார். மாடிவீட்டு மாமா இடுப்பளவுத் தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார். எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு மறுபடி இறங்கினார். இப்படியே வீடு வீடாகப் போய், தெருவையே தன் மாடிக்கு ஏற்றினார்.

மேலே போனதும்தான் தம்பியைச் சரியாகப் பார்த்தோம். உடம்பு சில்லிட்டு, உதடு நீலமாகியிருந்தது. அழுகையும் நின்றுபோயிருந்தது. அம்மா அவன் கைகால்களைத் தேய்த்தபடி, "யாராச்சும் கொஞ்சம் சுடுதண்ணி வைங்களேன். புள்ள கண்ணத் தொறக்க மாட்டேங்குது," என்றாள்.

சனிக்கிழமை, அடுப்பு. இது என் வேலை அல்லவா? நான் எழுந்து ஸ்டவ்வின் பக்கம் போனேன். அப்போதுதான் ஆட்களை இறக்கிவிட்டு வந்த மாமா என்னை ஒரு கையால் ஒதுக்கினார். கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டு தானே தீக்குச்சியை உரசினார். முதல் குச்சி முறிந்தது. இரண்டாவது பற்றியது. மாமி கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். சுடுதண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றித் தம்பியின் மார்போடு வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் வீறிட்டு அழுதான். அம்மா அவனைவிடப் பெரிதாக அழுதாள்.

அதற்குப் பிறகு அன்று முழுக்க அந்த ஸ்டவ் அணையவில்லை. குளிரில் நடுங்கிய அத்தனை பேருக்கும் அதில் கஞ்சி காய்ச்சினார்கள். எனக்குத்தான் கஞ்சி தொண்டையில் இறங்கவில்லை. அவருக்கே பற்றவைக்கத் தெரிகிறது, பிறகு எதற்கு இத்தனை நாள் என்னை ஏமாற்றினார் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

சித்தப்பாவுக்குக் கஞ்சி நன்றாகவே இறங்கியது. இரண்டாவது தம்ளரை முடித்துவிட்டு, "ஆமா, நீங்க எந்த சபை சார்?" என்று கேட்டார்.

"சபை இல்லீங்க. நாங்க யூதருங்க," என்றார் மாமா, அடுத்தவருக்கு ஊற்றிக்கொண்டே.

நான் அண்ணாந்து பார்த்தேன். யூதர் என்றால் ஓய்வுநாள் பள்ளிப் படங்களில் நீள அங்கியோடு கழுதைக்குப் பக்கத்தில் நிற்பவர்கள். இவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கரண்டியோடு நின்றார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

தண்ணீர் வடிந்தது. சேற்றை வாரிக் கொட்டிவிட்டுத் தெரு சித்தப்பாவைத் தேட ஆரம்பித்தது. "கால்வா மேல மனையப் போட்டு எங்க தலைல கட்டிட்டியே அண்ணாத்தே," என்று எதிர்வீட்டுக்காரர் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கப் போவதாகவும் பேச்சு அடிபட்டது. சித்தப்பா சில நாட்கள் பின்வாசல் வழியாகவே புழங்கினார்.

பிறகு ஒருநாள் முன்வாசல் வழியாக நிமிர்ந்து வந்தார். கையில் ஒரு கேசட். ஏதோ எழுப்புதல் கூட்டத்தில் வாங்கியது. வெளிநாட்டுப் பிரசங்கியார் ஒருவர் ஆங்கிலத்தில் பேசப் பேச, இன்னொருவர் தமிழில் மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டு போனார். எங்கே நிலம் நடுங்கினாலும், எங்கே வெள்ளம் வந்தாலும் பின்னால் யூதர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும் என்றது அந்தக் குரல். நடுநடுவே அல்லேலூயா. சித்தப்பா டேப்பை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"இன்னா சொல்றாரு பாத்தியா அண்ணி? தெருவுல அத்தினி பேருக்கும் ஓட்டு ஊடு. அவுரு மட்டும் மாடி கட்டிகினு கீறாரு. கீழ் ஊட்ட காலியா வெச்சிகினு கீறாரு. தண்ணி வரும்னு தெரிஞ்சிதானே?"

"அது அவங்க புள்ளைக்குன்னு வெச்சிருக்காங்க," என்றாள் அம்மா.

"அந்தப் புள்ள எங்க கீறான்? அவுங்க தேசத்துல. சரி, அத்த வுடு. சனிக்கெழம நெருப்பத் தொடாத மனுசன் அன்னிக்கி மட்டும் ஏன் தொட்டாரு? அதுக்கு இன்னா சொல்ற?"

அம்மாவிடம் அதற்குப் பதில் இருந்தது. அது அவள் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. அவள் முந்தானையை இழுத்து அவனை மூடிக்கொண்டாள்.

கேசட் வீடு வீடாகப் போனது. எங்கள் ஆட்கள் வீட்டிலிருந்து இந்துக்கள் வீட்டுக்கும் போனது. இந்த ஒரு விஷயத்தில் எங்கள் தெரு மத வேற்றுமை பார்க்கவில்லை. யூதர் என்ற சொல்லையே அதுவரை கேட்டிராதவர்கள் அவர்களைப் பற்றி மற்றவர்களுக்குப் பாடம் நடத்தினார்கள். போன வீட்டிலெல்லாம் ஒரு சேதி கூடியது. மாமா ஏரிக்கரைமேல் மண்வெட்டியோடு நடந்ததைப் பால்காரர் பார்த்தாராம். பால்காரரைக் கேட்டால் இஸ்திரிக்காரர் சொன்னாராம். கஞ்சியில் என்னவோ கலந்திருந்தது என்று, அதை வாங்கி வாங்கிக் குடித்தவரே சொன்னார். கால்வாயைப் பற்றிய பேச்சு அடியோடு நின்றுபோயிற்று.

அடிபம்பில் மாமி குடத்தை வைத்தால் மற்றக் குடங்கள் தள்ளிப் போயின. ஒருநாள் காலையில் பார்த்தால், நிலையில் இருந்த குழலை யாரோ நெம்பி எடுத்திருந்தார்கள். ஆணி இருந்த இடத்தில் மரம் பிளந்திருந்தது. மாமா சாக்கடையோரம் குனிந்து வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தார். நானும் போய்த் தேடட்டுமா என்று கேட்டேன். அம்மா ஜன்னலைச் சாத்தினாள்.

என் சனிக்கிழமை வேலையும் போயிற்று. "போவாதடி. நாம தனியா நின்னுகினு இன்னா பண்ண முடியும்?" என்றாள் அம்மா. நான் ஒன்றும் பண்ண வேண்டாம், அடுப்பை மட்டும் பற்றவைத்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். நடக்கவில்லை. அதன்பிறகு வந்த சனிக்கிழமைகளில் மாடியில் ஸ்டவ் சத்தமே கேட்கவில்லை. மாமியின் இருமல் மட்டும் தெருவரைக்கும் கேட்டது. என் கவலையெல்லாம் அந்த வேலைக்கு வேறு பிள்ளைகள் யாராவது போய்விடுவார்களோ என்பதுதான். யாரும் படியேறவில்லை என்று பார்த்த பிறகு நிம்மதியாக விளையாடப் போனேன்.

ஒரு சாயங்காலம் தெரு ஆண்கள் கும்பலாக மாடிவீட்டு வாசலில் போய் நின்றார்கள். அப்பாவையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் கடைசியில் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் கையைப் பிடித்திருந்தேன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்னு பேசிக்கிறாங்க சார். நாங்க சொல்லல. ஜனங்க பேசிக்கிறாங்க," என்றார் சித்தப்பா.

மாமா படியில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "எனக்குத் தெரிஞ்சிருந்தா உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டேனா? நீங்க சொல்லுங்க," என்றார் எதிர்வீட்டுக்காரரிடம். அவர் திரும்பிச் சித்தப்பாவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க," என்று அடுத்தவரைக் கேட்டார். அப்படியே கேட்டுக்கொண்டு வந்தவர், அப்பாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பிறகு குனிந்து என்னைக் கேட்டார்:

"தம்பி நல்லாருக்காரா பாப்பா?"

நான் தலையாட்டினேன். அப்பா என் கையை இறுக்கிய இறுக்கில் எனக்கு வலித்தது.

தை பிறப்பதற்குள் வீடு விலைபோயிற்று. அடிமாட்டு விலை என்று பிற்பாடு அம்மா சொன்னாள். விற்றுக் கொடுத்தவர் சித்தப்பா. இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கினார். அடுத்த மழைக்கும் தெருவில் தண்ணீர் வந்தது. அந்த முறை யார்மேல் பழியைப் போடுவது என்று தெருவுக்குத் தெரியவில்லை.

வெகுகாலம் கழித்து எனக்குப் பம்பாயில் வேலை கிடைத்தது. பக்கத்து மேஜைப் பெண் மாமாவின் யூதச் சமூகத்தவள். ஒருநாள் அவள் கொண்டுவந்த தேங்காய்ப்பால் அல்வாவை வாயில் வைத்ததும் இது மாமியின் அல்வா என்று தெரிந்துவிட்டது. மாமாவைப் பற்றிச் சொன்னேன். என்னை ஒதுக்கிவிட்டுத் தானே அடுப்பைப் பற்றவைத்ததையும் சொன்னேன். அந்த மனத்தாங்கல் அப்போதும் எனக்குள் கொஞ்சம் மிச்சமிருந்தது. சனிக்கிழமை நெருப்பு மூட்டுவது அவர்களுக்கு எத்தனை பெரிய விலக்கு என்று அவள் விளக்கினாள். ஆனால் ஓர் உயிர் போகிற நிலை என்றால் எந்த விலக்கும் இல்லை. அப்போது அதைப் பிறத்தியார் கையில் விடாமல், தயங்காமல், பெரியவர்களே தங்கள் கையால் செய்ய வேண்டுமாம். அதுதான் அவர்கள் முறையாம். "உன் தம்பி இப்போது எப்படி இருக்கிறார்?" என்று கேட்டாள்.

தம்பி நன்றாக இருக்கிறான். வேலப்பன்சாவடியில் கடை வைத்திருக்கிறான். எங்காவது புயல், நிலநடுக்கம் என்றால் என் போனுக்கு அவனிடமிருந்துதான் முதலில் சேதி வரும். குரல் வேறு, விஷயம் அந்தக் கேசட்டில் இருந்ததுதான். அவர்களுக்கு முன்கூட்டியே தெரியுமாம். ஒவ்வொரு முறையும் நான் அவனுக்கு அடுப்புக் கதையைச் சொல்கிறேன். "அவுரு நல்லவருக்கா. நான் மத்தவங்கள சொல்றேன்," என்கிறான். எனக்கு அழுகையாக வருகிறது.

மாடிவீட்டுக்காரர்கள் கிளம்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. லாரியில் சாமான்கள் ஏறிக்கொண்டிருந்தன. தெருவில் எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. மாமா எங்கள் வாசலுக்கு வந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை அம்மாவிடம் நீட்டினார்.

"பாப்பாவோட சம்பளம். அந்தச் சனிக்கிழமைக்கு. அன்னைக்கும் அவங்க வேலைக்கு எழுந்து வந்தாங்க. நான்தான் விடலை," என்றார்.

அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். லாரி தெருமுனை திரும்பியதும் சித்தப்பா உள்ளேயிருந்து வந்தார். "அத்த கொயந்தைக்குக் குடுக்காத அண்ணி. இன்னாத்த வெச்சிக் குடுத்தாங்களோ," என்றார். அம்மா அவரைத் திரும்பிப் பார்க்காமல் சமையல்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் கதவிடுக்கில் பார்த்தேன். அம்மா நின்றபடியே ஒவ்வொரு துண்டாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிய வழியத் தின்றாள். தாளில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துத் தின்றாள். அல்வா முழுவதும் அவளுக்கே கிடைத்த பிறகும் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. என் சம்பளத்தை எனக்கு ஒரு துண்டுகூடத் தராமல் தின்றுவிட்டாளே என்ற கோபத்தில் அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.