இருபது கோடி நொட் காற்று

நிஸ்மியா கற்பிட்டிக்கு மருமகளாக வந்தவள். பிறந்து வளர்ந்தது புத்தளத்தில். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேற்றியபோது உடுத்த துணியோடு மன்னாரிலிருந்து வந்த குடும்பம். கொழும்பில் மென்பொருள் வேலை பார்த்தவள், மகள் பிறந்ததும் விட்டுவிட்டாள். கைதான் சும்மா இருக்கவில்லை. கம்பியூட்டரை அடியிலிருந்து இயக்கும் கேர்னல் நிரலை, பிள்ளை தூங்கும் நேரங்களில் திறந்துவைத்துக் கொண்டு வாசிப்பாள். யாரும் வாசிக்கலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம் என்று உலகத்துக்கே திறந்து கிடக்கும் நிரல் அது.

கணவன் அஸ்ஹானுக்குத் தொழில் தோணி. பட்டம் கட்டித் தண்ணீரில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களை உச்சமுனைப் பக்கம் ஏற்றிப் போவான். காற்றைப் பார்த்துத்தான் அவனுக்கு அன்றாடம் விடியும். அதனால் இறங்குதுறைக் கம்பத்தில், கைமாறி வந்த ஒரு காற்றுமானியைப் பூட்டினார்கள். அது அனுப்பும் கணக்கைப் பிடிக்கும் குட்டிக் கருவியை, வீட்டில் கிடந்த பழைய ரவுட்டரில் நிஸ்மியா செருகிவிட்டாள். காற்றின் வேகம், கடற்காரர்களின் நொட் கணக்கில், அஸ்ஹானின் போனுக்கு வரும்.

முதல் நாளே அவன் துறையிலிருந்து போன் எடுத்தான்.

"நிஸ்மி, இருபது கோடி நொட் காத்தாம்!"

"என்ன?"

"ஓம் புள்ள, போன்ல அப்படித்தான் இரிக்கி. தோணிய உடு, கற்பிட்டியே இந்நேரம் இந்தியாவுக்குப் போயிரிக்கணும்."

அவள் சிரித்துக்கொண்டே கருவியைக் கழற்றித் தன் லெப்டொப்பில் செருகினாள். பன்னிரண்டு நொட் என்று அடக்கமாகக் காட்டியது. மறுபடி ரவுட்டரில் போட்டாள்; மறுபடி இருபது கோடி.

அப்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. ஓர் எண் நினைவகத்தில் நான்கு பைட்டுகளாகக் கிடக்கும். சில இயந்திரங்கள் சின்னப் பக்கத்தை முதலில் வைக்கும், சில பெரிய பக்கத்தை. கருவியும் லெப்டொப்பும் முதல் வகை, பழைய ரவுட்டர் இரண்டாவது. கேர்னலில் அந்தக் கருவிக்கான நிரலை எழுதியவரோ, பைட்டுகள் கிடக்கும் இடத்தைக் காட்டும் பொயின்டரை, 'இது சாதாரண எண்ணின் இடம்தான்' என்று காஸ்ட் போட்டு மாற்றி, எந்த வரிசை என்று பாராமல் அப்படியே வாசித்திருந்தார். ரவுட்டரில் வரிசை தலைகீழாகிப் பன்னிரண்டு இருபது கோடியாகிவிட்டது.

பைட்டுகளைத் தலைகீழாக்கும் ஒரு வரியைச் சேர்த்தாள். ரவுட்டர் திருந்தியது. பெருமையோடு லெப்டொப்பிலும் பார்த்தாள். இப்போது அங்கே இருபது கோடி!

"ஒண்ட திருத்தினா மத்தது கெடுது" என்றாள், சோறு சாப்பிட வந்த அஸ்ஹானிடம்.

"ரெண்டுக்கும் ஒத்து வாற மாதிரி ஒண்டுமில்லையா?"

இருந்தது. கேர்னல்காரர்கள் எண்களின் வகையிலேயே குறிப்பு எழுதிவைப்பார்கள்: இது சின்னப் பக்கம் முதலில் வரும் எண், இயந்திரத்துக்கேற்ப மாற்றாமல் தொடாதே என்று. அந்தக் குறிப்பை மதிக்காத இடங்களைத் தேடிப்பிடிக்க ஒரு சோதனைக் கருவியும் உண்டு. காஸ்ட் போட்டால் மட்டும் அது ஏமாந்துபோகும். நிஸ்மியா காஸ்டைப் பிடுங்கி எறிந்தாள், ஒவ்வோர் எண்ணுக்கும் சரியான குறிப்பை எழுதினாள், சோதனையை ஓடவிட்டாள்.

காற்றின் வேகத்துக்கு ஓர் எச்சரிக்கை வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். இரண்டு வந்தன. மற்றது பெட்டரி.

கம்பத்துக் காற்றுமானியின் பெட்டரி எவ்வளவு மிச்சம் என்பதும் அதே போலத் தலைகீழாய்த்தான் வாசிக்கப்பட்டிருக்கிறது. அது இரண்டே பைட்டு எண்; தலைகீழானால் ஆயிரக்கணக்கில் வரும். நூற்றுக்கு மேல் போனால் நூறு என்று காட்டு என நிரலில் இன்னொரு வரி. அதனால் ரவுட்டர் எப்போதும் 'பெட்டரி நிறைவு' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. யாருக்குச் சந்தேகம் வரும்? இரண்டையும் இயந்திரத்துக்கேற்ப மாற்றி வாசிக்கும்படி எழுதி, ரவுட்டரிலும் லெப்டொப்பிலும் ஓடவிட்டாள். காற்று, பதினான்கு நொட். பெட்டரி, ஒன்பது வீதம்.

"இஞ்ச பாருங்க, சாப்பிட்டு முடிஞ்சா கம்பத்தில ஏறணும்" என்றாள்.

"இந்த வெயிலுக்கயா?"

"இல்லாட்டி நாளைக்குக் காத்தே இரிக்காது, ஒங்கட போன்ல."

அவன் முணுமுணுத்துக்கொண்டே போய்ப் புதுப் பெட்டரி போட்டுவிட்டு வந்தான்.

திருத்தத்தை அவள் அனுப்பிவைத்தாள். அந்தப் பகுதியைப் பராமரிப்பவர் நோர்வேயில் இருக்கும் ஒரு பெண். பதில் சுருக்கமாக வந்தது: பெரிய பக்கம் முதலில் வரும் இயந்திரத்தில் இதை யாராவது உண்மையாகவே ஓட்டிப் பார்த்தார்களா? நிஸ்மியா காற்றுமானிக் கம்பத்தையும், பக்கத்தில் தோணியையும், பின்னால் பட்டம் கட்டிச் சறுக்குபவர்களையும் படம் எடுத்து, 'இங்கே, எங்கள் பழைய ரவுட்டரில் ஓடுகிறது' என்று எழுதினாள்.

மூன்றாம் நாள் திருத்தம் ஏற்கப்பட்டது, அவள் பெயரோடு. கீழே அந்தப் பெண்ணின் ஒரு வரி: 'அங்கே சறுக்கப் பழக எந்த மாதம் வருவது நல்லது?'

அஸ்ஹான் அதைப் போனில் வாங்கித் துறை முழுக்கக் காட்டினான். என்னவென்று அவனுக்கே முழுதாக விளங்கியிருக்காது. ஆனாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லாரிடமும் சொன்னான்: "என்ட பொஞ்சாதி எழுதினது. இனி உலகத்தில எங்க இந்த மிசின் பூட்டினாலும் காத்து சரியாக் காட்டும்."

நிஸ்மியா வீட்டில் மகளை மடியில் வைத்துக்கொண்டு, நோர்வேக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். ஜூன் மாதம் வாருங்கள், தோணி எங்களுடையது.