நாற்பது நிமிட நிறுத்தம்

ஞானபூரணி இங்கிலாந்துக்குப் போனதில்லை. ஆனால் காட்ஸ்வோல்ட்ஸ் பக்கத்துக் கிராமங்களில் எந்த ஊரில் பஸ் எத்தனை நிமிடம் நிற்கும், கழிப்பறை பாலத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, எந்த டீக்கடை செவ்வாய்க்கிழமை பூட்டியிருக்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். லண்டனில் காலையில் ஏற்றி, நாலு கிராமம் சுற்றிக் காட்டி, பொழுது சாயக் கொண்டுவந்து இறக்கிவிடும் ஒரு சுற்றுலாக் கம்பெனியின் போன்களை, விருதுநகரில் தன் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து எடுப்பதுதான் அவள் வேலை.

அதற்கு முன் ஒன்பது வருஷம் மெட்ரிக் பள்ளியில் ஆங்கில டீச்சர். கொரோனாவில் பள்ளிக்கூடம் ஆள் குறைத்தபோது வெளியே வந்தவர்களில் அவளும் ஒருத்தி. கணவன் பிராங்க்ளின் சிவகாசியில் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவன். அவன்தான் இந்த வேலைக்கு எழுதிப்போட வைத்தான். ஞானபூரணி என்ற பெயர் வெள்ளைக்காரர் வாயில் நுழையாது என்று கம்பெனி அவளுக்கு ஜேன் என்று பெயர் வைத்தது. எதிரே மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கும் கிட்டங்கி. லோடு இறங்கும்போது ஜன்னலை அடைத்தாலும் தும்மல் நிற்காது. போனில் இருப்பவர்கள் "ப்ளெஸ் யூ" என்பார்கள். "லண்டனில் ஜலதோஷக் காலம்" என்று சொல்லிச் சமாளிப்பாள்.

போன ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, இங்கே சாயங்காலம் ஐந்தரை, அங்கே மதியம் ஒரு மணி. பஸ் நாற்பது நிமிடம் நிற்கும் பைபரி என்ற கிராமத்திலிருந்து ஒரு கிழவர் கூப்பிட்டார். பெயர் ஆர்தர், வயது எண்பத்தொன்று.

"பஸ் போயிடுச்சும்மா."

"கவலைப்படாதீங்க சார். அடுத்த பஸ்..."

"என் மனைவி அதுல இருக்கா. தூங்கிட்டிருந்தா, எழுப்பாம இறங்கினேன். கழிப்பறையில வரிசை. ஆறு நிமிஷம்தான் பிந்திட்டேன். அவளுக்கு மறதி நோய். நான் பக்கத்துல இல்லேன்னா அவ யாருன்னே அவளுக்குத் தெரியாது."

ஞானபூரணி டிரைவரின் எண்ணை அழுத்தினாள். ஓட்டும்போது போனை அணைத்து வைப்பது அங்கே விதி. வழிகாட்டிப் பெண்ணின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. லண்டன் ஆபீசில் பதிவு செய்த குரல்தான் பேசியது. பக்கத்து விடுதிக்காரியிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, போலீசுக்கும் டாக்ஸிக்கும் சொல்ல வைத்தாள். டாக்ஸி வர ஐம்பது நிமிடம் ஆகுமாம்.

திரையின் மூலையில் காளீஸ்வரனின் செய்தி வந்தது. மதுரையில் இருக்கும் டீம் லீடர். "அக்கா, ஒரு காலுக்கு உள்ள ஆறு நிமிஷம் தாண்டிருச்சு. லேட்டா வர்றவங்களுக்கு உள்ள பதிலைச் சொல்லிட்டு வச்சிருங்க."

வைக்கவில்லை.

"நீ எங்கே இருக்கேம்மா, பக்கத்துலயா?" என்றார் ஆர்தர். "ஒரு கார் பிடிச்சு வர முடியுமா?"

லண்டன் என்றுதான் சொல்ல வேண்டும். அது கம்பெனியின் உத்தரவு.

"தூரத்துல இருக்கேன் சார்" என்றாள். "ரொம்ப தூரம்."

"சரி. போனை வச்சிராதே."

பிராங்க்ளின் வேலை முடிந்து மாடிக்கு வந்தபோது அவள் மைக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாரு புள்ள?"

"ஒரு தாத்தா. அவரு சம்சாரத்த பஸ்ஸு கொண்டு போயிருச்சு."

"இங்கன இருந்துக்கிட்டு நீ என்னத்தச் செய்வ?"

"ஒண்ணும் செய்ய முடியலங்க. அதான் வைக்கவும் முடியல."

ஒருவழியாக அடுத்த ஊரிலிருந்து வழிகாட்டிப் பெண் பேசினாள். எல்லாரோடும் அந்த அம்மாளும் இறங்கினார், புருஷன் முன்னால் போயிருப்பார் என்று நினைத்தேன், இப்போது காணோம் என்றாள். அந்த ஊரின் நடுவே ஆறு ஓடுகிறது. அதன் குட்டைப் பாலங்களுக்குக் கைப்பிடி கிடையாது என்று எத்தனை பேரை எச்சரித்திருப்பாள் ஞானபூரணி. அதை இப்போது மென்று விழுங்கிவிட்டு, மிச்சத்தை மட்டும் ஆர்தரிடம் சொன்னாள்.

அதற்குள் காளீஸ்வரன் எப்படியோ லண்டனைப் பிடித்துவிட்டான். அழைப்பு அவள் கையை விட்டுப் போயிற்று. 'மாற்றப்பட்டது' என்று திரையில் ஒரு வரி. இங்கிருந்து பயணிகளைத் திருப்பிக் கூப்பிட வழியில்லை. ஆர்தரின் எண்ணில் பாதி நட்சத்திரக் குறிகளாக இருந்தது. மறுநாள் காளீஸ்வரனிடம் கேட்டாள். "கேஸ் லண்டனுக்குப் போயிருச்சுக்கா. நமக்கு ஒண்ணும் காட்டாது" என்றான். ஜெபிக்க உட்கார்ந்தால் அந்த அம்மாளின் பெயர் தெரியவில்லை. ஆர்தரிடம் அதைக் கேட்காமல் விட்டோமே என்று மனசு குடைந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு புகார்க் கடிதம் அவள் பதில் எழுத வேண்டிய வரிசையில் வந்து விழுந்தது. ஆர்தர் எழுதியிருந்தார். மனைவி டோரத்தியை இரண்டு மணி நேரம் கழித்து ஊருக்கு வெளியே ஒரு வயல் வரப்போரம் கண்டுபிடித்தார்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வீட்டில் வைத்துப் பார்க்க அவரால் ஆகாதாம். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: கிளம்புமுன் ஏன் யாரும் தலைகளைச் சரியாக எண்ணவில்லை?

அதற்குத் திரையில் ஒரே பதில்தான் இருந்தது. 'குறித்த நேரத்தில் பஸ்ஸுக்குத் திரும்புவது பயணியின் பொறுப்பு.' ஞானபூரணி அதை அழித்துவிட்டுத் தன் வார்த்தையில் எட்டு வரி எழுதினாள். அந்த எட்டு வரிக்கு அனுப்பும் பொத்தான் வேலை செய்யவில்லை. காளீஸ்வரனைக் கூப்பிட்டாள்.

"மன்னிப்புன்னு ஒரு வார்த்தையாவது சேக்கணும் காளீஸ்."

"அத எழுதுனா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்னு சொல்லுவாக. எனக்கு மேல ஆள் இருக்குக்கா. இன்னைக்குள்ள போகலேன்னா உங்களத்தான் கேப்பாக."

ஆறு மணி வரைக்கும் வைத்திருந்தாள். பிறகு திரையில் இருந்த பதிலையே அனுப்பினாள். கீழே ஜேன் என்று கையெழுத்து தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

ராத்திரிச் சாப்பாட்டில் பிராங்க்ளின் கேட்டான், "வேலைய விட்டுருதியா?"

"விட்டா அந்தம்மா நடந்திருமா?" என்றாள். தட்டில் பாதி அப்படியே இருந்தது.

காட்ஸ்வோல்ட்ஸ் வேண்டாம், வேறு வழித்தடம் கொடுங்கள் என்று மேலே எழுதிப்போட்டிருக்கிறாள். இன்னும் பதில் வரவில்லை.